தங்கம் இல்லை, தங்கா! சுவரில் மாட்டும் முன்பு இதைப் படிச்சிடுங்க

குடகு டூர் போறவங்க காபித்தூளும் மிளகும் தேனும் வாங்காம ஊர் திரும்ப மாட்டாங்க. இப்போ அந்த லிஸ்ட்டில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. குஷால்நகர் பக்கத்தில் பைலகுப்பே என்ற ஊரில், நம்ம ஆட்கள் 'தங்கக் கோவில்' என்று சொல்கிற நம்ட்ரோலிங் மடாலயம் இருக்கிறது அல்லவா? அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கடைகளில் பளபளவென்று பட்டுக்கரை வைத்த ஓவியங்கள் தொங்கும். சுருட்டிப் பையில் போட்டுக்கலாம், கண்ணாடி உடையுமோங்கிற பயம் இல்லை. வீட்டுக்கு வந்து சோபாவுக்கு மேலே மாட்டினால் ஹாலோட களையே மாறிடும்.

சிக்கல் அடுத்த வாரம் வரும். ஊரிலிருந்து வந்த பெரியம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்பார்: "என்னடி இது, மண்டையோட்டு மாலையும் கோரப்பல்லுமா இருக்கு? இதையெல்லாம் வீட்ல வைக்கலாமா?" வாங்கினவருக்குப் பதில் தெரியாது. கடைக்காரர் "நல்ல வைப்ரேஷன் மேடம்" என்று சொன்னது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும்.

பெரியம்மா கேட்டது சரியான கேள்வி. ஏன்னா, அது அலங்காரத்துக்காகப் பிறந்த ஓவியமே இல்லை.

அதன் பெயர் தங்கா. துணியில் கையால் வரைந்து, சுற்றிலும் பட்டு வைத்துத் தைத்து, சுருட்டி எடுத்துப் போகும்படி செய்த பௌத்த ஓவியம். திபெத், நேபாளம், பூட்டான், லடாக், சிக்கிம், மங்கோலியா என்று இமயமலையைச் சுற்றியும் தாண்டியும் பரவிய கலை. 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து வந்த அகதிகளுக்காக 1961-ல் பைலகுப்பேயில் குடியிருப்பு உருவானது. அவர்களோடு சேர்ந்துதான் தங்காவும் காவிரிக்கரைப் பக்கம் வந்து சேர்ந்தது.

ஏன் சுருட்ட வேண்டும்? கூடாரத்தில் வாழ்ந்து, கால்நடைகளை ஓட்டிக்கொண்டு இடம் மாறுகிற மக்களுக்குச் சுவர் ஏது? குருமார்களும் மலை விட்டு மலை பயணம் செய்தவர்கள். போகிற இடத்தில் பிரித்து மாட்டினால் அதுதான் கோவில். பூஜை முடிந்ததா, சுருட்டிக் குதிரை மேல் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊர் ஊராகப் போய், தங்காவைத் தொங்கவிட்டு, குச்சியால் ஒவ்வொரு கட்டமாகச் சுட்டிக்காட்டிக் கதை பாடுகிறவர்களும் திபெத்தில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு அதுதான் புத்தகம், அதுதான் சினிமா.

யாருக்காக வரைகிறார்கள்?

திபெத்தியக் குடும்பம் ஒன்று தங்கா வரையச் சொல்லும் தருணங்களைக் கவனித்தால் இந்தக் கலை எதற்காக என்று புரிந்துவிடும். வீட்டில் யாருக்காவது தீராத நோய் வரும்போது வரையச் சொல்வார்கள். காரியம் எல்லாம் தடைப்பட்டுக்கொண்டே இருந்தால் வரையச் சொல்வார்கள். முக்கியமாக, வீட்டில் ஒரு சாவு விழுந்தால்.

இறந்த உயிர் அடுத்த பிறவிக்குப் போக 49 நாள் வரை ஆகலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த இடைப்பட்ட நாட்களில் அந்த உயிர் பயந்து, குழம்பி அலையுமாம். எந்தத் தெய்வத்தின் உருவம் இறந்தவருக்குத் துணை நிற்கும் என்று லாமா சொல்வார். குடும்பம் ஓவியரிடம் ஓடும். 49 நாளுக்குள் படம் முடிய வேண்டும். படத்தால் சேரும் புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். நாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஓடுகிற ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அந்த ஓட்டம் ஒரு ஓவியரின் தூரிகை முனையில் நடக்கிறது.

இன்னொரு பயன், தியானம். சாதகர் தங்காவின் முன்னால் உட்கார்ந்து, அதிலுள்ள உருவத்தைத் தலை முதல் பாதம் வரை மனதில் பதித்துக்கொள்வார். எத்தனை கை, எந்தக் கையில் என்ன, தாமரைக்கு எத்தனை இதழ் என்று ஒன்று விடாமல். பிறகு கண்ணை மூடினால் அதே உருவம் உள்ளே எழ வேண்டும். அந்தத் தெய்வத்தின் கருணையும் அறிவும் தன்னுடையதாகவே மாறும்வரை இந்தப் பயிற்சி தொடரும். அப்படியென்றால் படத்தில் ஒரு விரல் தப்பாக இருந்தால்? தியானத்திலும் அதே தப்பு வரும். மருந்துச் சீட்டில் எழுத்துப்பிழை மாதிரி.

கோடு தாண்டக் கூடாது

அதனால்தான் தங்கா ஓவியருக்கு 'கற்பனை சுதந்திரம்' என்று நாம் சொல்கிற சமாசாரம் ரொம்பக் குறைவு. துணியில் முதலில் விழுவது உருவம் இல்லை, கட்டம். நட்டநடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக அளவுக்கோடுகள். நிற்கும் புத்தரின் உயரம் 125 விரற்கடை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு. நெற்றி, மூக்கு, தோள், தொப்புள் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை விரற்கடை என்று நூல்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 15-ம் நூற்றாண்டில் மென்லா தோண்டுப் என்ற ஓவியர் இந்த அளவுகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். அவர் தொடங்கிய மென்ரி பாணி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

இது நமக்கு அந்நியமான விஷயம் கிடையாது. நம்மூர் ஸ்தபதிகள் சாமி சிலைக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம் என்று கணக்குப் போடுகிறார்களே, அதே குடும்பத்துக் கணக்குதான். இந்தியாவின் சிற்ப நூல் மரபு பௌத்தத்தோடு மலை ஏறிப் போனது.

மாணவர் முதல் சில வருடங்கள் வண்ணத்தையே தொட மாட்டார். புத்தரின் முகம், முகம், மறுபடியும் முகம். அது கைக்கு வந்த பிறகுதான் உடம்பு, உடை, தாமரை எல்லாம். தர்மசாலாவுக்குப் பக்கத்தில் 1988-ல் தொடங்கப்பட்ட நோர்புலிங்கா நிறுவனத்தில் இன்றும் வருடக்கணக்கில் இப்படித்தான் பயிற்சி நடக்கிறது.

சரி, ஓவியர் தன் கைவண்ணத்தைக் காட்டவே முடியாதா? முடியும். மலை, மேகம், அருவி, மான், பூ எல்லாம் அவருடைய ராஜ்யம். நல்ல தங்காவில் பின்னணியை மட்டும் அரை மணி நேரம் பார்க்கலாம். ஆனால் தெய்வத்தின் உடம்பில் அவர் 'நான்' என்று எதையும் சேர்க்க மாட்டார். பழைய தங்காக்களில் பெரும்பாலும் கையெழுத்தே இருக்காது. மாசக்கணக்கில் வரைந்துவிட்டுப் பெயரைக்கூடப் போடாமல் போனவர்களை, செல்ஃபிக்கு மேலே வாட்டர்மார்க் போடுகிற நம் காலத்தில் யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கல்லை அரைத்து வானம்

பருத்தித் துணியை மரச்சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டுவார்கள். வெள்ளை மண்ணும் தோல் பசையும் (நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அது) கலந்து இரண்டு பக்கமும் பூசி, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். துணியின் இழை தெரியாத அளவுக்கு வழவழப்பாகணும். ஆனால் சுருட்டும்போது வெடிக்கவும் கூடாது. பசை கூடினால் விரிசல், குறைந்தால் வண்ணம் உதிரும். கைப்பக்குவம்தான்.

வண்ணங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வருபவை. நீலத்துக்கு அசுரைட், பச்சைக்கு மலாக்கைட், இரண்டுமே செப்புத் தாதுக்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம். மஞ்சளுக்கு அரிதாரம். ஆமாம், நாடகக்காரர்கள் பூசுகிற ஒப்பனைக்கு நாம் சொல்கிற அதே வார்த்தைதான்! அந்த மஞ்சள் கல்லின் பெயரே ஒப்பனைக்கும் ஆகிவந்தது. அது ஆர்சனிக் கலந்த விஷக்கல் என்பது இன்னொரு கதை. அவுரிச் சாயமும் உண்டு. கடைசியில் தங்கம். பொடியாக்கிப் பசையில் குழைத்து, முடி மாதிரிக் கோடுகளாக இழுத்து, காய்ந்ததும் அகேட் கல் முனையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். தங்காவுக்கும் தங்கத்துக்கும் பெயரில் சம்பந்தம் இல்லை. ஆனால் தங்காவில் தங்கம் நிஜமாகவே இருக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகும் முகத்தில் கண்கள் வெறுமையாக இருக்கும். கண் வரைவது கடைசி வேலை. நல்ல நாள் பார்த்துச் செய்வார்கள். நம் கோவில்களில் ஸ்தபதி கடைசியாகக் கண் திறப்பதும், இலங்கையின் பௌத்த விகாரைகளில் ஓவியர் சிலையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பிம்பம் பார்த்துக் கண் எழுதுவதும் ஞாபகம் வருகிறதா? எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான். கண் வந்த நொடியில் அது நம்மைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

அதோடு முடியவில்லை. தங்காவைத் திருப்பிப் பாருங்கள். உருவத்தின் நெற்றி, தொண்டை, நெஞ்சு இருக்கும் இடங்களுக்கு நேர் பின்னால் ஓம், ஆ:, ஹூம் என்ற மூன்று எழுத்துகள் இருக்கலாம். உடல், வாக்கு, மனம் என்று அர்த்தம். ஒரு லாமா சடங்கு செய்து உயிரூட்டிய பிறகுதான் அது வழிபாட்டுக்கு உரியது. சில பழைய தங்காக்களின் பின்பக்கம் லாமாவின் கைத்தடமே பதிந்திருக்கும்.

பெரியம்மாவுக்குப் பதில்

இப்போது படத்தை முன்பக்கம் திருப்புவோம். நடுவில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்கக் கைகளைப் பாருங்கள். வலது கை முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டால் அது சாக்கியமுனி புத்தர், ஞானம் பெற்றதற்குப் பூமியைச் சாட்சிக்கு அழைக்கும் நேரம். உடம்பு கருநீலமாக இருந்து, வலது கையில் ஒரு செடிக்கொத்து இருந்தால் அது மருத்துவ புத்தர். என்ன செடி என்று நினைக்கிறீர்கள்? கடுக்காய்! நம்ம பாட்டி வைத்தியத்துக் கடுக்காயேதான். திபெத்திய மருத்துவத்தில் அதுதான் மருந்துகளுக்கெல்லாம் அரசன். 17-ம் நூற்றாண்டில் சாங்யே கியாட்சோ என்ற ஆட்சியாளர் மருத்துவக் கல்விக்காகவே 79 தங்காக்கள் வரையச் செய்தார். கரு வளர்வது, நரம்புகள், மூலிகைகள் எல்லாம் அதில் உண்டு. தங்கா அங்கே பாடப்புத்தகமாகவும் வேலை செய்திருக்கிறது.

பச்சை நிறத்தில் ஒரு பெண் தெய்வம், ஒரு காலை மடக்கி வலது காலைக் கீழே இறக்கி வைத்திருக்கிறாளா? அவள் பச்சைத் தாரா. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடிவரத் தயாராக இருக்கிறாள் என்பதற்குத்தான் அந்தக் கால். வெள்ளைத் தாராவுக்கு ஏழு கண்கள். முகத்தில் மூன்று, உள்ளங்கைகளில் இரண்டு, உள்ளங்கால்களில் இரண்டு. எந்தத் திசையில் யார் கஷ்டப்பட்டாலும் தெரியணுமாம். ஒரு கையில் வாளும், இன்னொரு பக்கம் தாமரை மேல் சுவடியும் இருந்தால் மஞ்சுஸ்ரீ. வாள் அறியாமையை வெட்ட.

மண்டையோட்டு மாலைக்காரருக்கு வருவோம். ஆறு கை மகாகாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கன்னங்கரேல் உடம்பு, உருட்டிய கண்கள், சுற்றிலும் தீ. இவர் யார் தெரியுமா? கருணையே வடிவான அவலோகிதேஸ்வரரின் இன்னொரு முகம். குழந்தை ரோட்டுக்கு ஓடினால் அம்மா போடுகிற சத்தத்தில் கோபம்தான் தெரியும், உள்ளே இருப்பது வேறு. அந்த மாதிரி. தலையில் இருக்கும் ஐந்து மண்டையோடுகள், கோபம், ஆசை, அறியாமை, அகந்தை, பொறாமை ஆகிய ஐந்து விஷங்கள் ஐந்து ஞானங்களாக மாறியதைச் சொல்பவை. சுற்றி எரிவது ஞானத்தீ. காலடியில் நசுங்கிக் கிடப்பது எதிரி நாட்டுக்காரன் இல்லை, 'நான்' என்கிற நம் சொந்த அகங்காரம்.

சாந்தமான தெய்வங்களின் முன்னால் கண்ணாடி, வீணை மாதிரி ஒரு வாத்தியம், சங்கில் வாசனைத் திரவியம், பழம், பட்டு என்று ஐந்து பொருட்கள் இருக்கும். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்து புலன்களின் காணிக்கை. உக்கிர தெய்வங்களின் முன்னால் அதே காணிக்கை, கபாலக் கிண்ணத்தில் கண், காது, மூக்கு, நாக்கு, இதயம் என்றே வரையப்பட்டிருக்கும். முதல் தடவை பார்த்தால் குமட்டும். ஆனால் சொல்லவருவது ஒன்றுதான், மொழிதான் வேறு.

வாசலில் ஒரு சக்கரம்

எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்தது பவசக்கரம். திபெத்திய மடாலயங்களின் நுழைவாசல் பக்கச் சுவரில் தவறாமல் இருக்கும். தங்காவாகவும் வரைவார்கள். யமன் தன் பல்லாலும் நகத்தாலும் ஒரு பெரிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

சக்கரத்தின் மையத்தில் பன்றி, பாம்பு, சேவல். ஒன்றன் வாலை ஒன்று கவ்விச் சுற்றிக்கொண்டே இருக்கும். பன்றி அறியாமை, பாம்பு வெறுப்பு, சேவல் பேராசை. எது முதலில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியாது, நம் வீட்டுச் சண்டைகள் மாதிரியே. அடுத்த வளையம் பாதி வெள்ளை, பாதி கருப்பு. ஒரு பக்கம் மேலே ஏறுகிறவர்கள், மறுபக்கம் விழுகிறவர்கள். அதற்கு வெளியே தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பேய், நரகம் என ஆறு உலகங்கள். பேய்களைக் கவனியுங்கள். பானை வயிறு, ஊசித் தொண்டை. எவ்வளவு கிடைத்தாலும் விழுங்க முடியாத பசி.

கடைசி வளையத்தில் 12 சின்னப் படங்கள். குருடர் ஒருவர் தட்டுத்தடுமாறி நடப்பதில் தொடங்கி, பானை வனையும் குயவர், கிளை தாவும் குரங்கு, கண்ணில் அம்பு பாய்ந்தவர், பிரசவிக்கும் பெண் என்று போய், பிணம் சுமப்பவரில் முடியும். முடிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குருடர் மறுபடி நிற்பார். சக்கரத்துக்கு வெளியே, மேல் மூலையில், நிலவைச் சுட்டியபடி புத்தர். வழி இருக்கிறது என்கிறார்.

இந்தப் படத்தின் மிகப் பழைய வடிவம் ஒன்று நம் நாட்டிலேயே, அஜந்தாவின் 17-ம் குகைத் தாழ்வாரத்தில் சிதைந்த நிலையில் இருக்கிறது. துணியில் புத்தரை வரைந்ததற்கும் ஒரு பழைய பௌத்தக் கதை உண்டு. தூரதேசத்து ராஜா ஒருவர் மகத மன்னர் பிம்பிசாரருக்கு விலைமதிப்பில்லாத ரத்தினக் கவசம் அனுப்பிவிட்டார். பதிலுக்கு என்ன அனுப்புவது? புத்தரிடமே கேட்டார். என் உருவத்தைத் துணியில் வரைந்து அனுப்பு என்றார் புத்தர். ஓவியர்கள் உட்கார்ந்தார்கள், ஆனால் அவர் ஒளியில் கண் கூசி வரைய முடியவில்லை. கடைசியில் துணியில் விழுந்த அவர் நிழலைக் கோடு பிடித்து, அதற்குள் வண்ணம் நிரப்பினார்களாம்.

பட்டுக்கரையும் ஒரு பாஷை

சுற்றியிருக்கும் பட்டை வெறும் பார்டர் என்று நினைத்து, வெட்டிவிட்டு ஃப்ரேம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். படத்தை ஒட்டி ஓடும் சிவப்பு, மஞ்சள் பட்டைகளுக்கு 'வானவில்' என்று பெயர், தெய்வத்திடமிருந்து வீசும் ஒளி. கீழ்ப் பகுதியில் தனியாக ஒரு சதுரப் பட்டு தைத்திருந்தால் அது கதவு. அதன் வழியாகத்தான் பார்ப்பவர் உள்ளே போகிறார். மேலே மெல்லிய பட்டுத்திரை ஒன்று இருக்கும். கடைகளில் அதைக் கொசுவி அழகுக்காகக் கட்டிவைத்திருப்பார்கள். உண்மையில் அது முகத்திரை.

திரை விலகிப் பார்ப்பதே பெரும் பாக்கியம் என்பதற்கு பூட்டானின் பாரோ திருவிழா நல்ல உதாரணம். கட்டட உயரத்துக்குத் துணிகளை ஒட்டித் தைத்த ராட்சத தங்காவைக் கடைசி நாள் விடியும் முன்பு இறக்குவார்கள். வெயில் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதன் பெயரின் அர்த்தமே 'பார்த்தாலே விடுதலை'. லடாக்கின் ஹெமிஸ் மடாலயத்தில் இருப்பதைப் பார்க்க 12 வருடம் காத்திருக்கணும். 2016-ல் காட்டினார்கள், அடுத்தது 2028-ல். இப்பவே லீவு சொல்லி வைங்க!

வாங்கப் போறீங்களா?

2014-ல் ஹாங்காங் ஏலம் ஒன்றில், 15-ம் நூற்றாண்டு யோங்லே பேரரசர் காலத்துப் பட்டுப் பின்னல் தங்கா ஒன்று சுமார் 4.5 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. அந்தச் செய்திக்கும் உங்கள் கையில் கடைக்காரர் திணிக்கும் 'இருநூறு வருஷப் பழசு'க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேநீர் டிகாஷனும் புகையும் போதும், போன மாதத் துணியைப் பழசாக்கிக் காட்ட. அது நிஜமாகவே பழசு என்றால் இன்னும் மோசம். ஏதாவது ஒரு மடாலயத்திலிருந்து காணாமல் போனதாக இருக்கலாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நேபாளத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வெளியே கொண்டுபோவது சட்டப்படியும் குற்றம்.

அச்சு எது, கையால் வரைந்தது எது? செல்போன் கேமராவில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சு என்றால் வண்ணப் புள்ளிகள் தெரியும். கை ஓவியத்தில் மேகம், தாமரை இதழ்களில் அடர்த்தியிலிருந்து வெளிறலுக்குப் போகும் தூரிகைத் தடம் இருக்கும். படத்தைச் சாய்த்துப் பாருங்கள், தங்கக் கோடு கோணத்துக்குக் கோணம் மின்னி மறையணும். அச்சு மேலேயே கொஞ்சம் பெயின்ட் தொட்டுவைத்து 'ஹேண்ட் பெயின்ட்டட்' என்று விற்கிறவர்களும் உண்டு, அதனால் பின்னணியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தரத்தை முகமும் விரல்களும்தான் சொல்லும். காத்மாண்டு கடைகளில் மாணவர் வேலை, மாஸ்டர் வேலை என்று தரம் பிரித்து விலை சொல்வார்கள். சுமாரான மாணவர் படத்தை நேர்மையாக அப்படியே சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம், ஒரு பையன் கையில் தொழில் நிற்கும்.

அச்சுப் படம் வாங்குவது தப்பா என்றால், இல்லை. நம் பூஜையறை முழுக்க அச்சுப் படம்தானே? அச்சை அச்சு விலைக்கு வாங்குங்கள், அவ்வளவுதான். அச்சுப் படத்தைக் கை ஓவிய விலைக்கு விற்கும்போது நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. மாசக்கணக்கில் குனிந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைகிறவர் சொல்லும் விலையை அடுத்த முறை நீங்கள் நம்பவே மாட்டீர்கள்.

வீட்டில் எங்கே மாட்டுவது? கண் மட்டத்துக்கு மேலே, கால் நீட்டும் திசையில் இல்லாமல், செருப்பு ஸ்டாண்டும் பாத்ரூம் சுவரும் இல்லாத இடமாகப் பாருங்கள். நேர் வெயில், சமையல் புகை, ஓதம் காத்த சுவர் மூன்றும் ஆகாது. மடாலயங்களிலேயே வெண்ணெய் விளக்கின் புகை படிந்து கருத்துப்போன தங்காக்கள் ஏராளம், அதனால் ஊதுபத்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடிக்கடி சுருட்டிப் பிரித்தால் வண்ணம் விரிசல் விடும். புதிதாக வாங்குபவருக்கு சாக்கியமுனி, தாரா, மருத்துவ புத்தர் போன்ற சாந்த வடிவங்களே பொருத்தம். உக்கிர தெய்வங்களின் தியானத்தைத் திபெத்தியர்களே குருவிடம் தீட்சை வாங்கிய பிறகுதான் செய்வார்கள்.

ஏற்கெனவே மகாகாலரை வாங்கி மாட்டிவிட்டீர்களா? பயப்படாதீங்க, அவர் காவல்காரர். அடுத்த தடவை பெரியம்மா வரும்போது, மடித்துக் கட்டியிருக்கும் அந்தப் பட்டுத்திரையை இறக்கிவிடுங்கள். அது இருப்பதே அதற்குத்தான்.